சக்கர அண்ணாச்சியும் ஈரத் தரையும்

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களைவிட அதிகப் பராமரிப்பு நடந்தது சக்கர அண்ணாச்சியின் ஸ்கேட்டுக்குத்தான். கப்பல்களாவது கொஞ்சம் துருவோடு வரும். அண்ணாச்சியின் சக்கரத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

நான் குமாஸ்தாவாக இருந்த கப்பல் ஏஜென்ட் ஆபீசில் அவர் தபால் பிரிவு. வராந்தாவின் ஒரு கோடியில் நாங்கள், மறு கோடியில் மேனேஜர். வெளிநாட்டு மாலுமி ஒருவனுக்கு டப்பா நிறைய முந்திரி மக்ரூன் மிட்டாய் கொடுத்து ஒரு ஜோடி ரோலர் ஸ்கேட் வாங்கிய அண்ணாச்சி, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அந்த வராந்தாவில் ஃபைலோடு உருளத் தொடங்கினார். நிறுத்த மட்டும் தெரியாது. மேனேஜரின் கதவுதான் பிரேக்.

மேனேஜருக்கு இதில் ஏகப் பெருமை. “நம்ம ஆபீஸ்ல ஃபைல் பறக்குது வே!” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். பறந்து வந்த ஃபைல் அவர் மேஜையில் வாரக்கணக்கில் தூங்கும்.

உப்புக் காற்றுக்குப் பயந்து அண்ணாச்சி தினமும் சாயங்காலம் சக்கரங்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விடுவார். மழைக்காலத்தில் ஆபீஸ் கூரை ஒழுகும். குடையை ஸ்கேட்டுக்குப் பிடித்துவிட்டு அவர் நனைவார்.

“அண்ணாச்சி, இப்பிடித் தும்முதியளே! தலையைத் துவட்டுங்க,” என்பாள் டைப்பிஸ்ட் ஸ்டெல்லா.

“எனக்கென்ன துருவா பிடிக்கப் போவுது? பேரிங்ல ஈரம் ஏறிச்சின்னா போச்சும்மா.”

ஐப்பசியில் ஒருநாள், அடைமழையில் தலைமை ஆபீசிலிருந்து டைரக்டர் வந்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு மேனேஜர், அண்ணாச்சிக்குச் சைகை காட்டினார்.

“உருளும் வே. ஐயா பாக்கணும்.”

“சாரல் அடிச்சிருக்கு ஸார். ஈரத்துல சக்கரம் பிடிக்காது.”

“நான் சொல்லுதேன், உருளும்!”

உருண்டார். பாதி தூரம் ராஜநடை. அப்புறம் கால் ஒரு பக்கம், ஃபைல் ஒரு பக்கம். எதிரே நின்ற டைரக்டரைக் கட்டிப்பிடித்து, அவரையும் இழுத்துக்கொண்டு முற்றத்துத் தண்ணீரில் போய் உட்கார்ந்தார். நாங்கள் டைரக்டரைத் தூக்க ஓடினோம். அண்ணாச்சியோ உட்கார்ந்தபடியே ஸ்கேட்டைக் கழற்றி, கையில் அகப்பட்ட துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது பொன்னாடை.

“பேரிங்குக்குள்ள தண்ணி போயிட்டு ஐயா,” என்று டைரக்டரிடமே முறையிட்டார்.

“இந்த ஆளை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பு!” என்று டைரக்டர் கத்தினார். மேனேஜர் கைகட்டிக் கெஞ்சியதில் வேலை தப்பியது. ஸ்கேட்டுக்கு மட்டும் தடை விழுந்தது.

அதன்பின் அண்ணாச்சி நடந்தே ஃபைல் கொண்டுபோனார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கேட்டை எடுத்து, எண்ணெய் விட்டு, சக்கரத்தை விரலால் சுற்றிவிடுவார். அது சுழன்று ஓயும்வரை நாங்கள் எடுத்த சோறு கையிலேயே நிற்கும். அவசர வேலையாக இருந்தாலும் ஸ்டெல்லா டைப் அடிப்பதை நிறுத்திவிடுவாள்.

மழை விட்டுப் பல நாள் கழித்து மேனேஜர் எங்கள் பக்கம் வந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே அண்ணாச்சியிடம் கேட்டார்.

“தரை காஞ்சிட்டுல்லா?”

“காஞ்சிட்டு ஸார்.”

“பொறவு என்ன வே? நடந்து நடந்து ஃபைல் லேட்டாவுது.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் அறைக்குப் போனார். அண்ணாச்சி ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். விட்டுப்போன பழக்கம், பாதி வராந்தாவிலேயே தடுமாறினார். நாங்கள் எழுந்திருப்பதற்குள், மேனேஜர் தன் கதவை அகலத் திறந்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.