ரப்பர் வைக்காத பள்ளிக்கூடம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரே தூங்கும் இந்த நேரத்தில் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று தீர்வு சொல்லிவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கில்லை. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டிருப்பது என் நிம்மதி மட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணத்தைப் படித்துக்கொள். நீ அனுப்பிய படிவத்தை நிரப்பியாகிவிட்டது. நீ ஆபீஸ் வேலை பார்க்கும் அந்த நாலு மாடிப் பள்ளிக்கூடத்தில் சிட்டு அடுத்த பருவத்திலிருந்து சேருகிறாள். திங்களிலிருந்து வெள்ளி வரை உன் வீடு, சனி ஞாயிறு என் வீடு. நாளைக் காலை அவர் மோட்டார் உதிரிபாகம் வாங்க உன் ஊருக்கு வருகிறார், இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். "ஆறு வயசுப் பிள்ளைய விட்டுட்டு உன்னால இருக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். "அவ பக்கத்துத் தெரு ஸ்கூலுக்குப் போனாலே பத்து தடவை வாசலுக்கு வர்ற." காற்று வாங்க வருகிறேன் என்றேன். இந்த முறை யார் என்ன சொன்னாலும் நான் அசைவதாக இல்லை.

இந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடம் உனக்குத் தெரியாது. இரண்டு அறை, இருபத்துமூன்று பிள்ளைகள், பெரிய டீச்சர் ஒருவர், சின்ன டீச்சர் ஒருவர். மணியடிப்பது, தண்ணீர்ப் பானையை மூடுவது, செருப்புகளை வரிசையாக வைப்பது எல்லாம் பிள்ளைகளே முறை வைத்துச் செய்கிறார்கள். அதெல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அக்கா, அந்தப் பள்ளிக்கூடத்தில் ரப்பர் கிடையாது. பென்சில் உண்டு, ரப்பருக்குத் தடை. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். இது போதாது என்று தினமும் மூன்று மணிக்கு 'தவறு நேரம்' என்று ஒன்று. ஒவ்வொருவராக எழுந்து அன்றைக்குச் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், சொன்னதும் மற்றவர்கள் ஒரே ஒரு முறை கை தட்டுவார்கள். டீச்சர்களுக்கும் விலக்கில்லை. போன வாரம் பெரிய டீச்சர் எழுந்து, "பசி தாங்காம சாப்பாட்டு மணியப் பத்து நிமிஷம் முன்னாடியே அடிக்கச் சொல்லிட்டேன்" என்றாராம். அதற்கு மட்டும் இரண்டு முறை தட்டினார்களாம்.

பள்ளிக்கூடத்தோடு விட்டிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சிட்டு அதை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் "இப்ப தவறு நேரம்" என்று அறிவிப்பு. இவருக்குக் கொண்டாட்டம். "ஒரு மோட்டாரப் பிரிச்சு மாட்டினேன், ரெண்டு திருகு மிச்சம் வந்துச்சு. மோட்டார் ஓடுது, அதனால ரெண்டையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்" என்றார். பிள்ளை கை தட்டுகிறாள், அக்கா! அடுத்தவர் வீட்டு மோட்டார்! பிறகு என் முறை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பொய்யா சொல்ல முடியும்? நீயே சொல், கணக்குப் பட்டப் படிப்பில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் நான். அடுப்பில் பால் பொங்கவிட்டதில்லை, கரண்ட் பில் கட்டும் தேதியை மறந்ததில்லை. "ஒண்ணும் இல்லடி" என்றேன். "யோசிங்கம்மா, அவசரமில்ல" என்று பெரிய டீச்சர் குரலிலேயே சொல்லிவிட்டு, கையைத் தட்டத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சோறு ஆறியதுதான் மிச்சம். மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் வகுப்பில் எழுந்து, "எங்க அம்மாகிட்ட ஒரு தப்புகூட இல்ல டீச்சர்" என்று சொல்லியிருக்கிறாள். பெருமையாகச் சொல்லியிருந்தால் சரி, அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். மறுநாள் நான் குழாயடியில் நிற்கும்போது, சிட்டுவின் கூட்டாளி, எல்லோரும் 'கேள்வி' என்று கூப்பிடுகிற தையல்காரர் மகள், என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, எங்கிட்ட இன்னிக்கு ரெண்டு தப்பு இருக்கு. ஒண்ணு உங்களுக்கு வேணுமா?" குடம் வைத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்த நிலையில்தான் பெற்றோர் நாள் வந்தது. பிள்ளைகளின் நோட்டுகளை மேஜையில் பரப்பிவைப்பார்கள், எல்லோரும் பார்ப்பார்கள் என்று சீட்டு வந்தது. முந்தின நாள் சிட்டுவின் கணக்கு நோட்டைப் பிரித்தேன். தூறல் விழுந்த குட்டை மாதிரி பக்கமெல்லாம் வட்டம். ஒன்பதும் நாலும் பன்னிரண்டு, வட்டம். இருபதில் எட்டுப் போனால் பதினான்கு, வட்டம். கணக்குப் படித்தவள் பெற்ற பிள்ளையின் நோட்டு இது, அக்கா, ஊரே பார்க்கப்போகிறது! அவள் தூங்கியதும் கடையில் வாங்கிவந்த புது ரப்பரை எடுத்தேன். மொத்தம் அறுபத்தொரு வட்டம். ஒன்று விடாமல் அழித்து, சரியான விடையை மட்டும் விட்டு, அழித்த இடத்தில் வெறுமை தெரியாமலிருக்க இடது கையால் கோணல்மாணலாக நாலைந்து கணக்கு போட்டுவைத்தேன், அவள் கையெழுத்து போலவே. எழுந்து பார்த்தபோது மடி நிறைய ரப்பர் தூள். வேலை சுத்தமாக முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள், அதாவது இன்று மதியம், எங்களைப் பிள்ளைகளின் நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். முழங்கால் தாடையில் இடித்தது. பிறகுதான் சின்ன டீச்சர் நிகழ்ச்சியைச் சொன்னார்: ஒவ்வொரு பிள்ளையும் இந்தப் பருவத்தில் தனக்கு ரொம்பப் பிடித்த தவறைக் காட்டப்போகிறது! 'கேள்வி' ஐந்து கால் மாட்டைக் காட்டினாள். "அஞ்சாவது வால்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா வாலும் இருக்கு." எல்லோரும் சிரித்து ஒரு தட்டு. அடுத்து சிட்டு. நோட்டைப் பிரித்தாள். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், பின்னாலிருந்து முன்னால், முன்னாலிருந்து பின்னால். "டீச்சர், என் தப்பெல்லாம் காணோம்." உடனே இருபத்துமூன்று பிள்ளைகளும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். பெஞ்சுக்கு அடியில், பைக்குள், பானைக்குப் பின்னால். இந்த மனுஷனும் முட்டி போட்டு மேஜைக்கு அடியில் தேடுகிறார், அக்கா. பெரிய டீச்சர் நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "எங்கயும் போயிருக்காது. மூணு மணிக்குத் தெரிஞ்சிரும், உக்காருங்க" என்றார். அப்போது மணி இரண்டு நாற்பது. அந்த இருபது நிமிஷம் என் எதிரிக்கும் வரக் கூடாது.

மூன்று மணி அடித்ததும் எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்தது. இவர்தான் பிடித்து இழுத்துக் கழற்றினார். சொன்னேன். கல்லூரி மேடையில் ஐந்நூறு பேர் முன்னால் பேசியவள், இருபத்துமூன்று பொடிசுகள் முன்னால் திக்கித் திக்கிச் சொன்னேன். யாரும் தட்டவில்லை.

"எல்லாத்தையுமாம்மா?" என்றாள் சிட்டு.

"அறுபத்தொண்ணையும்."

"ஒம்போதும் நாலும் பன்னெண்டுகூடவா?"

"அதுவும்தான் கண்ணு."

"அது தப்புன்னு டீச்சர் சொல்லலம்மா. நானே கண்டுபிடிச்சது."

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். பிறகு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி ஒரு தட்டு தட்டினாள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் தட்டினார்கள். பெற்றவளை ஊர் முன்னால் நிறுத்தி, பெற்ற பிள்ளையே மன்னிப்பதாவது! வெளியே வரும்போதே தீர்மானித்துவிட்டேன், இந்தப் பள்ளிக்கூடம் நமக்குச் சரிப்படாது. போதாக்குறைக்கு பெரிய டீச்சர் வாசல்வரை வந்து, சின்ன டீச்சர் பிரசவத்துக்குப் போகிறாராம், ஆறு மாதம் சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்க வர முடியுமா என்று என்னைக் கேட்கிறார். என்னை! "தப்பே செய்யாத ஆளா இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்" என்று வேறு சொல்கிறார். பாராட்டா திட்டா என்று தெரியாமல், நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். முடியாது என்று சொல்வதாகத்தான் இருக்கிறேன்.

இன்று சாயங்காலம் சிட்டுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "பெரியம்மா ஸ்கூல்ல தவறு நேரம் எத்தனை மணிக்கு?" என்றாள். அங்கே அதெல்லாம் கிடையாது, அங்கே பிள்ளைகள் தப்பே செய்ய மாட்டார்கள் என்றேன். "அப்ப தப்பு பண்ணுற பிள்ள புதுசா வந்தா என்னம்மா பண்ணும்?" நீ அனுப்பிய வழவழப்பான புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நீச்சல் குளம் இருக்கிறது, பரிசு வாங்கின பிள்ளைகளின் படம் பதினோரு பக்கம் இருக்கிறது. அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. உன் ஆபீசில் யாருக்காவது தெரியுமா என்று விசாரி.

மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை. அத்தானுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் சித்தியின் அன்பு முத்தம், அவர்கள் நீண்ட ஆயுளோடு நல்லபடியாக இருக்கட்டும். படிவம் இத்துடன் இருக்கிறது.

என்றும் உன்,
அன்புத் தங்கை

பி.கு.: படிவம் இத்துடன் இல்லை. உறையில் போட்டேன், எடுத்துவிட்டேன். கடிதத்தை மறுபடி படித்துக்கொண்டு வந்தேன், 'நானே கண்டுபிடிச்சது' என்ற இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. அக்கா, எனக்கு ஆறு வயதிலிருந்து எல்லாம் சரியாகத்தான் வந்தது, நானாக எதையும் கண்டுபிடித்ததாக ஞாபகம் இல்லை. மேலே எழுதியதெல்லாம் உண்மை, முடிவைத் தவிர. அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிவிடு. காலையில் பெரிய டீச்சரிடம் போய் எத்தனை மணிக்கு வேலைக்கு வர வேண்டும் என்று கேட்கப்போகிறேன். இந்த முறை யார் என்ன சொன்னாலும் நான் அசைவதாக இல்லை, நீ உட்பட. உனக்குக் கோபம் இருந்தால் அதையும் எழுது. அவர் சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் பதில் எழுதி அவர் கையில் கொடுத்தனுப்பு.