மூணு ஷிஃப்ட்டும் ஸ்டார்ட் ஆன கார்

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜாஸ்பருக்கு,

நெய்வேலியிலிருந்து அக்காள் அன்னாள் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் உன் மச்சான் பக்கத்தில் நின்று வார்த்தைக்கு வார்த்தை திருத்துகிறார். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் மகள் கல்யாணத்தன்று உன் கார் நின்றதற்கு "மட்டமான பேட்டரி" என்று அவர் சொன்னாராம், நீயும் ஆமாம் போட்டாயாம். நடந்ததைக் கேள்.

"வெண்மதி கல்யாணத்துக்கு நான் வராட்டியும் என் வண்டி வரும்க்கா" என்று சாவியைக் கொடுத்துவிட்டு நீ குவைத்துக்குப் போனாய். அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. உன் மச்சான் வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்தில் சும்மா நிற்கும் பம்பை ஷிஃப்ட்டுக்கு ஒருதரம் ஓட்டிப் பார்த்து நிறுத்துவார்களாம். இந்த மனுஷன் உன் காரையும் பம்பில் சேர்த்துவிட்டார். காலையில் ஒரு ஸ்டார்ட், வேலை விட்டு வந்ததும் ஒன்று, சாப்பிட்டுக் கைகழுவியதும் ஒன்று. ஒரு நிமிஷம் உறுமவிட்டு, "எல்லாம் நார்மல்" என்று அணைத்துவிடுவார். தெருமுனைவரைகூட ஓட்டியதில்லை. பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்து, "நம்மூர் சாம்பல்தானே" என்று மூடிவிட்டார்.

கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடு பெண்ணை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினால் "டக்" என்றது. அடுத்த தடவை அதுவும் இல்லை. பிளாக்கே கூடிவிட்டது. பாயிலர் செக்‌ஷன் இசக்கிமுத்து அண்ணன், "சூடு ஜாஸ்தி" என்றார். மைன்ஸ் சின்னதுரை, "தள்ளுங்க, தானா புடிச்சிக்கும்" என்றார். உன் மச்சான் கையைக் கட்டிக்கினு நின்னுகினு, "கம்பெனி குறை" என்கிறார். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புற ஆம்பளைங்க இத்தினி பேரு, ஒரு வண்டியைக் கிளப்ப வக்கில்லை! பெண் ஷேர் ஆட்டோவில் போய்ச் சர்ச் வாசலில் இறங்கினாள். "பரவால்லைங்க, எங்க வூட்டு மருமவ சிம்பிளாவே இருக்கட்டும்" என்று சம்பந்தியம்மா சிரித்தாரே ஒரு சிரிப்பு!

புது பேட்டரி மாட்டினோம். கடையில் விசாரித்தேன். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பேட்டரி நிறைய இழக்கிறது, வண்டி நன்றாக ஓடினால்தான் அது திரும்ப ஏறும். அரிசி போட்டதும் அடுப்பை அணைத்தால் சோறு வேகுமா? வாரம் ஒருதரம் வடலூர்வரை ஓட்டணும், முனையை வெந்நீரால் துடைக்கணும், ரொம்ப நாள் நிற்குமென்றால் மைனஸ் ஒயரைக் கழற்றணும். இதைச் சொன்னால், "முப்பது வருஷ சர்வீஸ்காரனுக்கு நீ கிளாஸ் எடுக்கிறியா?" என்கிறார். சாவியைப் பிடுங்கி இடுப்பில் சொருகிவிட்டேன்.

நாளைக்குத் தலைக்கிறிஸ்துமஸ். கம்மாபுரம் போய்ப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துவர அவரிடம் சாவி கொடுப்பேன், அதுவும் ஒரே ஒருநாள். இந்தத் தடவையும் ஆட்டோ என்றால் வெண்மதி அந்த வீட்டில் தலைநிமிரவே முடியாது. ஆண்டவர் கிருபையால் அப்படி ஆகாது, ஏனென்றால் வண்டி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது.

உன்னையும் பிள்ளைகளையும் கர்த்தர் காப்பாராக. வெயிலில் அலையாதே.

அன்புள்ள அக்காள்,
அன்னாள்

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டு, எதற்கும் பார்ப்போமே என்று சாவியைத் திருப்பினேன். டக். எனக்கு ஓட்டத் தெரியாது, அவரிடம் சாவி கொடுக்க மனசில்லை, அதனால் வடலூர் ஓட்டம் நடக்கவே இல்லை. ஆனால் வண்டி நன்றாக இருக்கிறதா என்று தினம் காலையிலும் சாயங்காலமும் ஒரு நிமிஷம் நானேதான் ஸ்டார்ட் போட்டுப் பார்த்தேன். தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும், உடனே மச்சானுக்குப் போன் போட்டு, "இந்த பேட்டரியும் கம்பெனி குறைதான் மச்சான்" என்று நீயாகச் சொல்வதுபோலச் சொல்லிவிடு.