காற்று சிலிண்டர் தேர்வுக் குழு

மனிதன் மூச்சுவிடத் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை, காற்றை அடைத்து வைக்கும் ஒரு சிலிண்டரைத் தேர்ந்தெடுக்க இத்தனை பொறுப்போடு, இத்தனை கவலையோடு, இத்தனை பிஸ்கட்டுகளோடு கூடிப் பேசிய நிர்வாகம் வேறொன்று இருந்ததில்லை என்று அடித்துச் சொல்லலாம்.

அது ஒரு பசைத் தொழிற்சாலையின் நிர்வாகம். ஊருக்கெல்லாம் ஒட்டக் கொடுக்கும் தொழிற்சாலையில் அதிகாரிகளுக்குள் ஒட்டுதல் இல்லை என்ற உண்மை, நான்கு நாள் கருத்தரங்கு ஒன்றில் பெரிய மேனேஜருக்குத் தெரியவந்தது. அதற்கு மருந்தும் அங்கேயே கிடைத்தது. அதன் பெயர் பெயின்ட்பால்.

விளையாட்டு எளிமையானது. காற்றழுத்தத்தால் சாயக் குண்டு கக்கும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அதிகாரிகள் ஒருவரையொருவர் சுட வேண்டும். சாயம் பட்டவர் வெளியே போக வேண்டும். இப்படிச் சுட்டுக்கொண்டால் 'அன்பு' வளரும். அதைத் துப்பாக்கி என்று சொல்லக் கூடாது, 'மார்க்கர்' என்றே சொல்ல வேண்டும் என்று முதல் சுற்றறிக்கை திட்டவட்டமாகக் கூறியது. மார்க்கர்கள் வந்து இறங்கிவிட்டன. அவற்றின் பின்புறம் திருகிப் பொருத்தும் காற்று சிலிண்டர் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதில்தான் நிர்வாகத்துக்குத் தூக்கம் போயிற்று. உடனே ஒரு குழு பிறந்தது. தலைவர், பெரிய மேனேஜர். செயலாளர், மனிதவள அதிகாரி அம்மாள். 'தொழில்நுட்ப நிபுணர்', ஸ்டோர்க்காரர்.

ஸ்டோர்க்காரர் நிபுணரானதற்குக் காரணம், தொழிற்சாலையிலேயே சிலிண்டர் இருந்த ஒரே இடம் அவருடைய ஸ்டோர்தான். மூலையில் நான்கு சிலிண்டர்கள் நின்றன. பசை கலக்கும் பெரிய தொட்டியை மாதத்துக்கு ஒருமுறை உள்ளே இறங்கிச் சுரண்டிக் கழுவ வேண்டும். உள்ளே இருக்கும் ஆவியை நாலு மூச்சு இழுத்தால் ஆள் சுருண்டு விழுவான். அதனால் முகமூடி மாட்டி, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அந்த நான்கு சிலிண்டர்களுக்கும் பரிசோதனைக் கெடு முடிந்து ஆறு வருடமாகியிருந்தது. ஸ்டோர்க்காரர் பதினோரு கடிதம் எழுதியிருந்தார். ஏழாவதற்கு மட்டும் 'கவனிக்கப்படுகிறது' என்று பதில் வந்தது. நிர்வாகம் இன்னும் கவனித்துக்கொண்டே இருந்தது.

தொட்டியில் இறங்குகிறவர் ஸ்டோர்க்காரருடைய தங்கையின் கணவர். போன மாதம் வால்வு சிக்கி, பாதியில் காற்று நின்றுபோய், இடுப்புக் கயிற்றைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். ஒரு மணி நேரம் தரையில் கிடந்து இருமினார். அடுத்த கழுவல் இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை.

அதனால் குழுவில் பெயர் வந்ததும் ஸ்டோர்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே போய் உட்கார்ந்தால் சிலிண்டர் பேச்சு வரும், சிலிண்டர் பேச்சு வந்தால் கெடுப் பேச்சு வரும், கெடுப் பேச்சு வந்தால் தன் மூலையில் நிற்கும் நான்கும் தானாக வெளிச்சத்துக்கு வரும் என்று மனக்கோட்டை கட்டினார்.

முதல் கூட்டத்தில், கரியமில வாயுவா, அழுத்திய காற்றா என்று விவாதிக்கப்பட்டது. வாயு குளிர்ந்துபோனால் குண்டு குறி தவறும் என்பதால், அன்பும் குறி தவறும் என்று கருதி, காற்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாவது கூட்டத்தில், அலுமினியமா, கார்பன் ஃபைபரா என்ற கேள்வி எழுந்தது.

"அலுமினியம் கனமா இருக்குமா?" என்றார் பெரிய மேனேஜர்.

"கொஞ்சம் கனம்தான் சார். கார்பன் ஃபைபர் லேசு. காத்தும் அதிகமா பிடிக்கும்."

"கனத்தைத் தூக்கிட்டு ஓடினா உடம்பு என்னத்துக்கு ஆகும்? நம்ம ஆளுங்க உடம்பை நாமதானே பாத்துக்கணும்?"

ஸ்டோர்க்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தொட்டி ஆட்களின் முதுகில் ஏறுவது பதினான்கு கிலோ இரும்பு.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க சார். அதே மாதிரி, தொட்டியில இறங்குறவங்க முதுகுல..."

"நிகழ்ச்சி நிரல்ல இல்லாத முதுகைப் பத்திப் பேச வேண்டாமே," என்று செயலாளர் அம்மாள் கனிவோடு குறுக்கிட்டார். கனிவு அவருடைய துறை.

மூன்றாவது கூட்டம் முழுவதும் நிறத்துக்கு ஒதுக்கப்பட்டது. கறுப்பு பயமுறுத்துகிறது, சிவப்பு கோபத்தைத் தூண்டுகிறது என்று ஆராய்ந்து, மாலை ஐந்தரைக்கு இளநீலத்தில் வந்து நின்றார்கள்.

நான்காவது கூட்டம், பாதுகாப்பு. ஸ்டோர்க்காரர் காத்திருந்த கூட்டம். மாதிரிக்கு வந்த சிலிண்டரைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு போய் மேசைமேல் வைத்தார்.

"இங்க பாருங்க சார், தேதி போட்டிருக்கு. இதுலேருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள அழுத்தப் பரிசோதனை செய்யணும். கெடு தாண்டினா காத்தே நிரப்பக் கூடாது."

"நிரப்பினா?"

"வெடிக்கலாம். பழசாயிட்டா வால்வு சிக்கி, திடீர்னு காத்து நின்னும் போகலாம்."

மேனேஜரின் முகம் வெளுத்தது. "நின்னு போனா?"

"ஆள் காலி சார்," என்றார் ஸ்டோர்க்காரர். அவர் கண்முன் தொட்டி இருந்தது.

"அடப்பாவமே! நான் குறி வெச்சு அழுத்துறேன். காத்து வரலை. எதிர்ல கணக்கு அதிகாரி. அவன் என்னைச் சுட்டுடுவானே!"

"சாயம்தானே சார், துவைச்சா..."

"விளையாட்டாப் பேசாதீங்க. இது உயிர் விஷயம்!"

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். வளாகத்தில் உள்ள ஒவ்வொரு சிலிண்டரையும் தானே நேரில் வந்து பார்வையிடப்போவதாக அறிவித்தார். ஒவ்வொரு சிலிண்டரையும்! நடவடிக்கைக் குறிப்பில் அந்த வரியைச் செயலாளர் அம்மாள் எழுதி முடிக்கும்வரை ஸ்டோர்க்காரர் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நேராகத் தொட்டிப் பக்கம் ஓடினார்.

"மாப்ளே, காரியம் கைகூடுற மாதிரி இருக்கு. அப்படி நடக்கலேன்னா திங்கக்கிழமை நீ இறங்காதே."

தங்கை கணவர் சிரித்தார். "நான் இறங்கலேன்னா வேற ஒருத்தன் இறங்குவான் மச்சான். எனக்காவது கயித்தைப் பிடிக்க நீங்க மேல நிப்பீங்க. அவனுக்கு யாரு நிப்பா?"

வெள்ளிக்கிழமை, பெரிய மேனேஜர் பூதக்கண்ணாடியோடு ஸ்டோருக்கு எழுந்தருளினார். புதிதாக வந்த பதினெட்டு இளநீலச் சிலிண்டர்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, தேதியை உரக்கப் படித்தார். செயலாளர் அம்மாள் பதினெட்டு முறை குறித்துக்கொண்டார். பிறகு ஸ்டோர்க்காரர் அவரை மூலைக்கு அழைத்துப் போனார்.

மேனேஜர் குனிந்தார். படித்தார். விரல்விட்டு எண்ணினார். நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை.

"கெடு முடிஞ்சு ஆறு வருஷம்! இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?"

"பதினோரு கடிதம் சார்..."

"நல்லவேளை, எனக்குத் தேதி படிக்கச் சொல்லிக் குடுத்தீங்க. இல்லேன்னா ஒரு உயிர் போயிருக்கும்!" மேனேஜர் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். "நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க. இன்னைக்கே நடவடிக்கை. நானே கையெழுத்துப் போடுறேன்."

பத்தொன்பது வருட உத்தியோகத்தில் யாரும் அவர் கையைப் பற்றியதில்லை. அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போய், பெரிய மேனேஜரைப் போல ஒரு மனிதர் கிடைக்க நாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். தங்கை அழுதேவிட்டாள்.

சனிக்கிழமை ஆட்டம் அமோகமாக நடந்தது. ஒரு சிலிண்டர்கூடச் சிக்கவில்லை. பெரிய மேனேஜர்மேல் ஒரு பொட்டுச் சாயம் படவில்லை. அவரை நோக்கி யாரும் சுடவில்லை என்பது வேறு விஷயம். பாதுகாப்பில் தொழிற்சாலை புதிய உயரத்தைத் தொட்டதாகப் படத்தோடு சுற்றறிக்கை வந்தது.

திங்கட்கிழமை காலை ஸ்டோர்க்காரர் கதவைத் திறந்தார். நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது. இளநீலச் சிலிண்டர்கள் பதினெட்டும் கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டிருந்தன. மூலையில் அதே நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் லேமினேட் செய்த சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. கீழே பெரிய மேனேஜரின் கையெழுத்து, சொன்னபடியே.

தங்கை கணவர் முகமூடியோடு வந்து, அட்டையைத் தூக்கிப் பார்த்தார். படிக்கிற கண்ணாடி வீட்டில் இருந்தது.

"என்ன மச்சான் இது, மாலையெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க? என்ன எழுதியிருக்கு?"

ஸ்டோர்க்காரர் ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்துத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார். அப்புறம் நிறுத்தி நிறுத்திப் படித்தார்:

"எச்சரிக்கை. கெடு முடிந்தது. உயிருக்கு ஆபத்து. விளையாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. வேலைக்கு மட்டும்."