குழைக் குவியலைக் கிளறிய கதை

சந்தேகப்படுகிறவனுக்கு மூளை கூடுதல் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை இருபத்தொரு வயதுவரை நம்பியிருந்தேன். கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். சிரிக்காவிட்டால் இரண்டு தரம் பார்ப்பேன். (அம்மா தரும் தேத்தண்ணியையும் மணந்துவிட்டுத்தான் குடிப்பேன்.)

இந்த மூளையோடுதான் எங்கள் வகுப்பின் சேவைப் பயணத்தில் பஸ் ஏறினேன். திருகோணமலையிலிருந்து வெருகல் பக்கம் போய், கரையோர வேடர் கிராமமொன்றில் இரண்டு நாள் தங்குவது. முதல் நாள் களப்புக் கரையில் கண்டல் கன்று நடவேண்டும். மறுநாள் கிராமத்தவர்கள் எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்த் தேன் எடுப்பதைக் காட்டுவார்கள். அந்த மறுநாளுக்காகத்தான் இருபது பேரும் முழங்கால் சேற்றில் நிற்கச் சம்மதித்தோம்.

போய் இறங்கியதும் கிராமத்தவர்கள் எங்களுக்கு ஏதோ விளக்கம் சொன்னார்கள். என் செருப்பை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நான் பஸ்ஸுக்குள் சோதனை நடத்திக்கொண்டிருந்ததால் அது என் காதில் விழவில்லை. (செருப்பு என் காலில்தான் இருந்தது.)

மத்தியானம் அதைக் கண்டேன். காடு தொடங்கும் இடத்தில் ஒரு பாலை மரம். அதனடியில் இடுப்பளவு உயரத்துக்குக் குழைக் குவியல். அடியில் காய்ந்தவை, மேலே பச்சை. விறகுக்குப் போன ஒருவர் ஒரு கொப்பை முறித்து அதன்மேல் வைத்தார், ஒரு கணம் நின்றார், உள்ளே போனார். பின்னால் வந்தவரும் அப்படியே செய்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நவாஸ், கவனிச்சியா? எதையோ மூடுறாங்கள்."

நவாஸ் கிண்ணியாக்காரன், என் ஒரே நண்பன். (மற்றவர்களையெல்லாம் நான் ஏற்கெனவே சந்தேகித்து முடித்திருந்தேன்.)

"என்னத்த மூடுற?"

"களவா வெட்டின மரமாயிருக்கும்."

"மரத்த இலையால மூடி ஒளிக்கிறதுக்குக் காட்டுக்கயா இடமில்ல? சும்மா கிட மச்சான்."

"இப்பிடி எல்லாரும் சும்மா கிடக்கிறதாலதான் நாடு இந்த நிலையில கிடக்கு" என்று சொல்லிவிட்டு, கன்று நடத் தந்த மண்வெட்டியோடு, மற்றக் கையிலிருந்த கன்றையும் கீழே வைக்காமல் போனேன்.

முழுக் குவியலையும் கிளறிப் பரப்பினேன். இலை, கொப்பு, ஒரு தேள். அடியில் வெறும் மண். அந்த மண்ணையும் நம்பாமல் ஓரடி ஆழம் தோண்டினேன்.

"புதையலோ தேடுறீங்கள், தம்பி?"

எங்களுக்குச் சமைத்துத் தந்த கனகா அக்கா. கையில் மண்வெட்டி, காலடியில் குழி. நானே என்னைக் கண்டிருந்தாலும் பொலிசுக்குத்தான் சொல்லியிருப்பேன். கிராமமே கூடிவிட்டது. எங்கள் விரிவுரையாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"காட்டுக்குப் போறவை, சேதமில்லாமல் திரும்பி வரவேணுமெண்டு காட்டுத் தெய்வத்துக்கு வைக்கிற குழை ஐசே இது! காலமை சொன்னாங்களே, நீர் எங்க நிண்டனீர்?"

"செருப்பு, சேர்..."

கனகா அக்கா அவரைக் கவனிக்கவில்லை. "என்ர மனிசன் விடியத் தேனெடுக்கப் போனவர். அவர் வைச்ச குழை எது, தம்பி?"

நான் நல்ல பச்சையாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

"இது இப்ப விறகுக்குப் போன மாமா வைச்சது."

இன்னொன்றைக் கொடுத்தேன்.

"இது நீங்கள் நடக் கொண்டுவந்த கண்டல் கன்று."

அவர் சிரிக்கவில்லை. "மனிசன் வந்து சேரட்டும். அதுக்குப் பிறகு பாப்பம், உங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போறதோ, பஸ்ஸில ஏத்துறதோ எண்டு."

பத்தொன்பது பேர் என்னைப் பார்த்த பார்வையில் கண்டல் கன்றுகளே வாடியிருக்கும். குழியை மூடி, குழைகளைத் திரும்ப அடுக்கி, மரத்தடியில் குந்தினேன். அம்மாவின் தேத்தண்ணியையே நம்பாதவன், அன்று எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் நம்பினேன். வெருகல் முருகனுக்கு மொட்டை நேர்ந்தேன்.

"எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் நானும் ஓதிட்டன்" என்றான் நவாஸ்.

ஐந்து மணிபோல் அக்காவின் கணவர் வந்தார், தோளில் தேன் வாளியோடு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. எல்லோரும் அந்தக் கண்ணைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"வழமையா ஒண்டு ரெண்டுதான் கொட்டும்" என்று அக்கா வீக்கங்களை எண்ணினார். "இண்டைக்கு ஏழு."

நடந்ததைக் கேட்டு அந்த மனிசன் சிரித்த சிரிப்பில் மற்றக் கண்ணும் மூடிக்கொண்டது. "நான் விடிய வைச்சதைச் சாமி விடியவே பாத்திட்டுது. பிறகு ஆர் கிளறினா என்ன? நாளைக்கு எல்லாரும் வாங்கோ."

"சாமி விடும்" என்றார் அக்கா. "நான் விடமாட்டன்."

மறுநாள் இருபது பேரும் குழை வைத்தோம். என் முறை வந்தபோது மட்டும் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "வைச்சாச்சோ? இப்ப ரெண்டு கையையும் எடுத்துக் காட்டுங்கோ."

நவாஸ் இதை எங்கள் வீட்டில் வந்து சொல்லாமல் விட்டிருக்கலாம். அன்றிலிருந்து நான் மோட்டார்சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் தங்கச்சி அதன் சீற்றில் ஒரு கறிவேப்பிலைக் கொப்பை வைக்கிறாள். "முழுசா வந்து சேர், அண்ணா!" அவளுக்கு அது பகிடி. பின்னால் நிற்கும் அம்மாவுக்கு அப்படியில்லை. அதனால் எறியவும் ஏலாது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய், இப்போது வேலைசெய்யும் கந்தோரில் மேசை லாச்சிக்குள் போடுகிறேன்.

போன கிழமை, புதிதாக வந்த பெடியன் ஒருவன் பேனை தேடி அந்த லாச்சியைத் திறந்தான். குவிந்துகிடந்த காய்ந்த இலைகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மெதுவாக மூடினான்.

அந்தப் பார்வை எனக்கு நல்ல பழக்கம். இப்போதெல்லாம் கந்தோரை விட்டுப் புறப்படும்போது லாச்சியைப் பூட்டிவிட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறேன்.