நடுக்கட்டத்தில் மூன்றே அட்டை

வாய்தா வக்கீல் அன்று காலை சாப்பாட்டு மேசைமேல் ஒரு வெள்ளைப் பலகையை டமார் என்று வைத்தார். வைத்த வேகத்தில் நூற்கண்டு மூன்று கீழே உருண்டன. ஊசி டப்பா கவிழ்ந்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. குடும்ப சரித்திரத்தையே மாற்றப் போகிற மனுஷனுக்கு ஊசி ஒரு பொருட்டா?

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல எந்த வேலையும் வாயால நடக்காது. பலகையிலதான் நடக்கும்!"

கறுப்புத் துணியை மேசையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்த மனைவி, பல்லில் கடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப உங்க வாய்க்கு என்னங்க வேலை?"

"கிண்டலா? என் ஆபீஸ்ல வந்து பாரு. மூணே வாரத்துல தலைகீழா மாறிடுச்சு."

மாறியது உண்மைதான். அதைச் சொல்லுமுன் அவர் பெயர்க் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். இருபத்தாறு வருஷத் தொழிலில் அவர் கேட்டு வாங்காத வாய்தா இல்லை. சாட்சிக்குக் காய்ச்சல், தனக்குக் காய்ச்சல், பத்திரம் வரவில்லை, வந்த பத்திரத்துக்கு நகல் வரவில்லை. கேஸை ஜெயிக்க ஆயிரம் பேர் உண்டு, தோற்கிற தேதியைத் தள்ளிப் போடுகிறவன்தான் வக்கீல் என்பது அவர் கொள்கை. எதிர்க்கட்சிக்காரர்கள் அழுவார்கள். அந்தப் பக்கத்து வக்கீல் பல்லைக் கடிப்பார். இவர் கவுனை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒரு நாள் இவரே மாட்டிக்கொண்டார். பதில் மனுவைக் குமாஸ்தா தாக்கல் செய்வார் என்று ஜூனியர் பெண் இருந்தாள். அவள் செய்வாள் என்று குமாஸ்தா இருந்தார். தேதி போய்விட்டது. நீதிபதி எல்லார் முன்னாலும் விட்ட டோஸில் வாய்தா வக்கீலின் காது இரண்டு நாள் சிவந்தே இருந்தது. அந்த ரோஷத்தில்தான் 'வக்கீல் அலுவலகத்தில் வேலை நிர்வாகம்' என்று இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். திரும்பும்போது கையில் ஒரு பலகை, கக்கத்தில் பதினோரு பக்கக் கையேடு.

பலகையில் மூன்று கட்டம். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அட்டை மூலையில் அந்த வேலையைக் கேட்டவர் பெயர். அவர் வாயால் 'முடிந்தது' என்று சொன்னால்தான் முடிந்தது. நடுக்கட்டத்தில் மூன்று அட்டைக்கு மேல் ஒட்டக் கூடாது. ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று உள்ளே வரலாம். தினமும் காலையில் பத்து நிமிஷம் எல்லாரும் நின்றுகொண்டே பேச வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளும்.

முதல் நாளே குமாஸ்தா ஓர் அட்டையில் 'மிக மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினார். வாய்தா வக்கீல் அதைச் சரக்கென்று கிழித்தார்.

"யோவ், இங்க எவன் கேஸ்யா அவசரமில்லாம வருது? அவசரம்னு எழுதின அட்டை செல்லாது. கையேட்டுல நாலாம் பக்கம்!"

பலகை வந்தபின் யார் எதைச் செய்கிறார் என்று சுவரே சொன்னது. ஒரு தேதி தவறவில்லை. இதெல்லாம் நல்ல காரியம்தான். அதேபோல இன்னொரு பலகை வாங்கி அந்த நல்ல காரியத்தை வீட்டுக்குள் தூக்கி வந்தாரே, அதில்தான் வில்லங்கம்.

வீட்டின் முன்பகுதி ஆபீஸ். பின்பக்கம் ஒரு பெரிய அறை, கூரை வரைக்கும் பழைய கேஸ் கட்டுகள். மனைவி வக்கீல்களுக்குக் கவுன் தைப்பவள். புருஷன் கவுனை ஒட்டுப் போட்டுப் போட்டே கை திருந்தியவள். கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். இப்போது புதிதாகத் தொழிலுக்கு வருகிற நாற்பது வக்கீல்களுக்குக் கவுன் தைத்துத் தர முடியுமா என்று வக்கீல் சங்கத்தில் கேட்டிருந்தார்கள். முடியுமென்றால் மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். இரண்டு மெஷினும் ஒரு வெட்டும் மேசையும் போட இடம் இருந்தால் முடியும். இடம் பின் அறைதான். ஆறு வருஷமாகக் கேட்கிறாள். ஆறு வருஷமாக வாய்தா.

"அந்தக் கட்டெல்லாம் அப்பீலுக்கு வேணும்மா!" என்பார்.

அப்பீலும் இல்லை, ஒன்றும் இல்லை. கட்டுகளுக்குப் பின்னால் ஒரு ரகசியம் இருந்தது. நாற்பது கட்டுகளை நெருக்கி அடுக்கி, மேலே பாய் விரித்து, ஆள் நீளத்துக்கு ஒரு படுக்கை. ஒரு பாகப்பிரிவினை வழக்கு முழுசாக முதுகுக்குக் கீழே. இரண்டு விவாகரத்து காலுக்கு. தினமும் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை 'நோட்ஸ் எடுக்கிறேன்' என்று கதவைச் சாத்திக்கொள்வார். அந்த இரண்டு மணி நேரத்துக்காக அவர் உலகத்தையே எதிர்த்து வழக்காடத் தயார்.

பலகையைப் பார்த்ததும் அவருக்கு உதித்த யோசனை இதுதான். நடுக்கட்டத்தில் மூன்று அட்டை உட்கார்ந்திருக்கும்வரை நான்காவது உள்ளே வர முடியாது. மூன்றும் நகராமல் பார்த்துக்கொண்டால்? அடடா! வாய்தா கேட்கவே வேண்டாம், பலகையே கொடுத்துக்கொண்டிருக்கும்!

"சரி, உன் வேலையைச் சொல்லு" என்றார் பேனாவைத் திருகி.

"பின் ரூமைக் காலி பண்ணணும்."

'பின் அறை காலி செய்தல்' என்று அழகாக எழுதி முதல் கட்டத்தில் ஒட்டினார். "நடுக்கட்டத்துல இடம் கிடைச்சதும் அதான் முதல்ல. போதுமா?"

"நடுவுலதான் ஒண்ணுமே இல்லையே?"

"இரும்மா. என் வேலையெல்லாம் இருக்குல்ல." சொட்டுகிற குழாய், ஓர் அட்டை. மாடிப்படி விளக்கு, இரண்டாவது அட்டை. மூன்றாவதை எழுதும்போது அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது. 'பழைய கட்டுகளைத் தரம் பிரித்தல்.' இருபத்தாறு வருஷக் குப்பை. ஒரு நாளைக்கு ஒன்று பார்த்தால்கூட அவர் காலம் முடிந்துவிடும், அட்டை முடியாது.

அவள் புருவம் லேசாக உயர்ந்தது. உடனே ஒரு பூச்சு பூசினார். "உனக்காகத்தானே தரம் பிரிக்கிறேன்? பாரு, கேட்டவர்னு உன் பேரைத்தான் போட்டிருக்கேன். யாருக்கு வரும் இந்த மனசு?"

"எனக்குத் தெரியாதா உங்க மனசு?" என்றாள். குண்டூசிகள் திரும்பப் பல்லுக்குப் போயின.

அடுத்த நாள் முதல் குழாயடியில் நின்றபடி கூட்டம்.

"குழாய் என்ன ஆச்சு?"

"வாஷர் அளவு பரிசீலனையில இருக்கு."

"மாடிப்படி விளக்கு?"

"கோளாறு பல்புலயா, ஸ்விட்சுலயான்னு விசாரணை நடக்குது."

"கட்டு?"

"முதல் கட்டைப் பிரிச்சாச்சு. படிச்சிட்டிருக்கேன்."

"சரிங்க."

ஏழு நாளும் அவள் 'சரிங்க' என்றே சொன்னாள். ஒரு முறைப்பு இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. எதிராளி ஆட்சேபணையே சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் கையில் ஏதோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம். நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரிகிற இந்தச் சங்கதி, நம் ஆளுக்கு உறைக்கவில்லை. எட்டாம் நாள் வெளியூர் கோர்ட்டுக்கு மூன்று நாள் பயணமாகக் கிளம்பினார். போகும்போது பலகையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார், காவல் நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல.

அங்கே வாய்தா சுலபமாகக் கிடைத்தது. மூன்றாம் நாள் மதியம் ஒன்றரைக்கு வீட்டு வாசலில் இறங்கினார். இரண்டு மணிக்குப் படுக்கை. கால் தானாகப் பின்பக்கம் நடந்தது.

குழாய் சொட்டவில்லை. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை. மாடிப்படி விளக்கு பட்டப்பகலில் பளீரென்று எரிந்தது, வேண்டுமென்றே எரியவிட்டதுபோல. பின் அறைக் கதவு திறந்திருந்தது.

அறை... அறையாக இருந்தது. நான்கு சுவரும் தெரிந்தன. ஜன்னல் ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் ஞாபகம் வந்தது. நடுவில் குமாஸ்தா, ஜூனியர் பெண், முக்காலியில் மனைவி.

"என்னய்யா நடக்குது இங்க?"

குமாஸ்தா எழுந்தார். "அட்டையை முடிக்கிறோம் ஐயா."

"உங்களை யார் தொடச் சொன்னது? அது என் அட்டை!"

மனைவி இடுப்பில் செருகியிருந்த கையேட்டை எடுத்தாள். "ஒன்பதாம் பக்கம். ஏழு நாள் அசையாத அட்டையை, கை சும்மா இருக்கிற யாரு வேணா எடுத்துச் செய்யலாம். குழாய்க்காரர் வந்தாரு, இருபது நிமிஷம். பல்பை நானே மாத்தினேன், ரெண்டு நிமிஷம். பத்தாம் பக்கம். பெரிய வேலையைச் சின்னச் சின்னதா வெட்டி ஆளுக்கு ஒண்ணு கொடுக்கணும். வெட்டுறது நமக்குக் கை வந்ததுதானே?"

கையேட்டில் ஆறாம் பக்கம் வரைதான் வாய்தா வக்கீலுக்குத் தெரியும். ஆறாம் பக்கத்தில் தூங்கிப்போனார். அதுவும் இதே அறையில்.

"அப்பீல் வந்தா?"

"எல்லாத்தையும் பார்த்துட்டோம் சார்" என்றாள் ஜூனியர். "முடிஞ்ச கேஸ் கட்சிக்காரங்களுக்குப் போன் பண்ணோம். ஆள் ஆளா வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு வேலித் தகராறுல ரெண்டு பேரும் சேர்ந்தே வந்தாங்க. இப்ப சம்பந்தியாம். நடப்புல இருக்கிறது மொத்தம் பதினாலு கட்டு. அலமாரியில ஒரே தட்டு."

"இருபத்தாறு வருஷமா இந்தக் கட்டு மேல ஏறி இறங்கி என் முட்டி போச்சு ஐயா" என்றார் குமாஸ்தா, கேட்காமலே.

அவருக்குள் இருந்த வக்கீல் கடைசியாக ஒரு தடவை துள்ளி எழுந்தான். "நில்லுங்க! முடிஞ்சதா இல்லையான்னு நீங்க சொல்ல முடியாது. வேலையைக் கேட்டவர்தான் சொல்லணும். ரெண்டாம் பக்கம்! நான் சொல்றேன், முடியலை!"

மனைவி அட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மூலையில யார் பேருங்க?"

பார்த்தார். கையெழுத்தும் அவருடையதுதான்.

"முடிஞ்சுது" என்றாள் அவள்.

"சார்," ஜூனியர் பெண் ஓர் ஓரத்திலிருந்து பாயையும் தலையணையையும் தூக்கி வந்தாள். "இது ரெண்டு மட்டும் எந்தக் கேஸ்ல சான்றாவணம்னு தெரியலை. தலையணையில எண்ணெய்க் கறை இருக்கு. பாகப்பிரிவினைக்கு மேல கிடந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. குமாஸ்தா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"அது நோட்ஸ் எடுக்குற தலையணைம்மா" என்றாள் மனைவி. "நாலு மணிக்கு வெளிய வரும்போது பாய்க் கோடு கன்னத்துலயே இருக்கும். ஆறு வருஷமா படிக்கிறேன்."

மாதம் முடியுமுன் அவள் 'முடியும்' என்று சொல்லிவிட்டாள். மெஷின் இரண்டும் வந்தன. வெட்டும் மேசை வந்தது. முதல் கவுனை அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டது ஜூனியர் பெண். பலகை பின் அறைச் சுவருக்குக் குடிபோனது. வாய்தா வக்கீல் மத்தியானம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கப் பழகிக்கொண்டிருந்தார். கழுத்து ஒத்துழைக்கவில்லை.

ஒரு காலை, கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் கவுன் கதவுக் கொண்டியில் மாட்டி முதுகோடு கிழிந்தது. ஒட்டுப் போட்ட இடமெல்லாம் ஒன்றுக்கொன்று விடைகொடுத்துக்கொண்டன. தூக்கிக்கொண்டு பின் அறைக்கு ஓடினார்.

"ஏம்மா, பத்தரைக்குக் கேஸு! ரெண்டு தையல் போட்டுக் கொடும்மா!"

மெஷின் நிற்கவில்லை. "அட்டை எழுதி ஒட்டுங்க."

"அட்டையா? நான் உன் புருஷன்!"

"தெரியும்ங்க. கேட்டவர்ங்கிற இடத்துல எழுதிடுங்க."

எழுதினார். மேலே கொட்டை எழுத்தில் 'மிக மிக அவசரம்' என்றும் எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். கத்தரியை எடுத்தாள். அந்த வரியை மட்டும் ஒரே வெட்டாக வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். "நாலாம் பக்கம்." மிச்ச அட்டையை முதல் கட்டத்தில் ஒட்டினாள்.

நடுக்கட்டத்தில் மூன்று அட்டைகள் இருந்தன. கடைசி அட்டையின் மூலையில் இருந்த பெயர் அவருடைய எதிர்த்தரப்பு வக்கீலுடையது. இருபது வருஷமாகப் பல்லைக் கடிக்கிறாரே, அவரேதான்.

"அவனுக்கா? அவனுக்கா எனக்கு முன்னாடி?"

"முறையா வரிசையில நின்னாருங்க. இன்னும் பத்து நிமிஷத்துல வாங்கிட்டுப் போயிடுவாரு."

பத்தரைக்கு வாய்தா வக்கீல் கவுன் இல்லாமல், வெறும் கோட்டோடு, கோர்ட்டின் கடைசி பெஞ்சு ஓரமாக எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, கவுன் கிழிந்துவிட்டது, ஒரு வாய்தா வேண்டும் என்று கேட்டார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவரை நெடுநேரம் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் பளபளக்கும் புதுக் கவுனை நீவிக்கொண்டு எழுந்தார்.

"ஆட்சேபணை இல்லைங்கய்யா. இருபது வருஷத்துல இவர் சொன்ன காரணத்துலயே இது ஒண்ணுதான் நிஜம். அட்டையை நானே பார்த்தேன்."