உண்ணிச்செடி வேலியைப் பிடுங்கியது குறித்து மச்சானுக்கு விளக்கம்

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

நலம். அங்கே நீங்களும் அக்காவும், பத்து நாளாகக் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் ஒரு பக்கக் கதையைச் சொல்லியிருப்பாள். முப்பது வருடம் நிலம் அளந்து ஊரார் எல்லைத் தகராறுகளைத் தீர்த்தவன் என்ற முறையில் மறுபக்கத்தை நான் எழுதுகிறேன்.

அவள் ஆசையாக வளர்த்த வேலியை நான் பிடுங்கியது உண்மை. ஆனால் அது சாதாரணப் பூச்செடி இல்லை மச்சான், உண்ணிச்செடி! எங்கிருந்தோ வந்து குடியேறி, தன் காலடியில் ஒரு புல்லைக்கூட முளைக்க விடாத செடி. நாற்றுப்பண்ணை அம்மா, "சார், அதைத் தூக்கிட்டு நம்ம மண்ணுல பொறந்த அத்தி ஒண்ணு வையுங்க, ஒத்தை மரம் நூறு உயிருக்குச் சோறு போடும்" என்றார். கடப்பாரையோடு இறங்கினேன். மூன்று நாள் போராட்டம். முள் கிழித்துக் கையெல்லாம் வரைபடம் மாதிரி ஆகிவிட்டது. கடைசி வேரை இழுத்தபோது கூடவே தண்ணீர்க் குழாயும் வந்தது. பீய்ச்சியடித்த சேறு, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் காயப்போட்டிருந்த வெள்ளைக் கோட்டுகளில் போய் விழுந்தது. வேலி போனதிலிருந்து நான் துண்டோடு நிற்கும் நேரம் பார்த்து அவர் "குட்மார்னிங்" சொல்கிறார். இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட உங்கள் தங்கை, அந்த இடத்தில் நான் நட்ட அத்திக்கன்றின் இலைகளைப் புழு அரித்ததைப் பார்த்ததும், "பதினோரு வருஷ வேலியைப் பிடுங்கிட்டு புழுவுக்கு விருந்து வைக்கிறீங்களா?" என்று கேட்டாள். "புழு திங்கத்தானே வச்சேன்!" என்றேன். இது ஒரு தப்பா மச்சான்? பெட்டியைத் தூக்கிவிட்டாள். டாக்டர் பூச்சிமருந்து டப்பாவோடு வந்தார். அவரையும் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன்.

ஆகவே, நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. சமையல் பழகிவிட்டது. வீடும் அமைதியாக இருக்கிறது. அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் அங்கே இருக்கட்டும், எனக்கு ஒரு குறையும் இல்லை.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி நன்றாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
பணிவுள்ள, ஆனால் இந்த விஷயத்தில் பணியாத,
உங்கள் வீட்டு மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போனேன். அத்தி இலைக்கு அடியில் வெள்ளிக் குண்டுமணி போலத் தொங்கிய ஒரு கூடு பிளந்து பட்டாம்பூச்சி வெளியே வந்தது. ஈரச் சிறகு விரியும்வரை மூச்சுவிடாமல் நின்றேன். பிறகு, "ஏய், சீக்கிரம் வா, வந்து பாரு!" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினேன். இரண்டு தடவை. பல் டாக்டர்தான் ஓடி வந்தார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளைக் கூப்பிட வருகிறேன். கடிதம் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். தபால்தலை ஒட்டிவிட்ட குற்றத்துக்காக அனுப்புகிறேன். அவள் கண்ணில் படுமுன் கிழித்துப் போட்டுவிடுங்கள்.