சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு இரண்டு

மக்களாட்சி என்னும் மகத்தான கொள்கை இந்தப் பூவுலகில் இரண்டே இடங்களில்தான் முழு வளர்ச்சி அடைந்திருக்கிறது. ஒன்று, ரஷ்யாவில் பெயர் வாயில் நுழையாத ஒரு மாகாணத்துச் சட்டசபைத் தொகுதி. மற்றது, மலையகத்தில் ராகலைக்கு மேலே இருக்கும் ஹாதர்வில் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக் குடிநீர்ச் சங்கம். முதலாவதைப் பற்றிக் கீழ்ப்பிரிவுக்கு எடுத்துச் சொன்னவர் தோட்டப் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண ஆசிரியர் சிவரூபன். இரண்டாவதை உண்டாக்கிய பெருமை கணக்கப்பிள்ளை கந்தப்பன் ஒருவரையே சாரும்.

கந்தப்பன் இருபத்தாறு வருடமாகக் கொழுந்து நிறுக்கிறவர். பெண்கள் பறித்து வரும் சாக்கைத் தராசில் மாட்டுவார், முள்ளைப் பார்ப்பார், கழிவைக் கழிப்பார், எழுதுவார். சாக்குக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு இரண்டு, முத்தல் இலைக்கு ஒன்று. மழை பெய்தால் ஈரக் கழிவு உண்டு. வெயில் அடித்தாலும் உண்டு. கொள்கை என்பது வானத்தைப் பார்த்து மாறுகிற சமாசாரமா என்ன? இப்பேர்ப்பட்ட நடுநிலையாளர் இருக்கும்போது சங்கத் தேர்தலை நடத்தத் ‘தெரிவத்தாட்சி அலுவலர்’ என்று வேறு ஆளைத் தேடுவது பாவம்.

சங்கத்தின் தேர்தல் வரலாறு வீரமும் தியாகமும் நிறைந்தது. 2012இல் தலைவர் பதவிக்கு மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து நல்லமுத்து நின்றார், நல்லமுத்து வென்றார். 2016இல் அவரை எதிர்த்து ஒருவர் நின்றார். தேர்தலன்று காலையில் அவருடைய ஒழுகும் கூரையில் புதுத் தகரம் ஒன்று முளைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில், தான் தேர்தலிலும் நின்றது அவருக்கு மறந்துவிட்டது. 2020இல் கொரோனா. எல்லோரும் முகக்கவசத்தில் இருந்ததால் யார் யாரென்று தெரியவில்லை. ‘பொதுச் சுகாதாரம் கருதி’ எல்லாச் சீட்டையும் கந்தப்பனே நிரப்பினார். கை வலித்தது. ஒருவரும் ஒரு நன்றி சொல்லவில்லை.

இந்த வருடம்தான் சிக்கல். நானூறு மீற்றர் புதுக் குழாய் வந்து இறங்கியிருந்தது. அது எந்தப் பக்கம் போகும் என்பதைத் தலைவர்தான் தீர்மானிப்பார். பிரிவிலேயே இருக்கிற ஒரே குழாய் நல்லமுத்துவின் வாசலில் இருந்தது. அவருடைய ஆட்கள் அதில் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் பள்ளத்து ஓடையில் இறங்கித் தண்ணீர் சுமந்தார்கள். ஏழாம் லயத்து வீரம்மா, அந்தப் புதுக் குழாயைத் தங்கள் லயத்துக்கு இறக்கியே தீருவதென்று தேர்தலில் நின்றுவிட்டாள்.

பார்வையாளராக வந்த சிவரூபன் வாக்களிப்பு முடியும்வரை சும்மா இருக்க முடியாமல் கைபேசியில் ரஷ்யத் தொகுதியின் வரலாற்றை வாசித்துக் காட்டினார்.

“அங்கையும் கனக்கத் தேர்தல் நடந்திருக்கு, கணக்கப்பிள்ளை. எல்லாத்திலயும் ஒராள்தான் வெண்டிருக்கிறார். ஒருக்கால் எதிராளியின்ர பேரே பட்டியலில இல்லை.”

கந்தப்பனுக்கு நெஞ்சு விம்மியது.

“நம்ம தேயிலத் தூளத்தானே சேர் அவங்க குடிக்கிறாங்க” என்றார்.

தேர்தல் கொழுந்து நிறுக்கும் மடுவத்து முற்றத்தில், தராசுக்கு அடியில், மாசி மாதத்து மொட்டை வெயிலில் நடந்தது. வாக்குப் பெட்டியாகக் கழுவிக் காய வைத்த ஒரு கொழுந்துச் சாக்கு. நூற்றிருபது பேர் போட்டார்கள். கந்தப்பன் மூன்று தரம் எண்ணினார். மூன்று தரமும் நல்லமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு, வீரம்மாவுக்கு அறுபத்திரண்டு.

அறுபத்திரண்டைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. கழிவு கழிக்காத எண் ஒன்றை அவர் பிறந்ததிலிருந்து எழுதியதில்லை. எழுந்து தொண்டையைச் செருமினார்.

“சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு, முத்தலுக்கு ஒன்னு. வீரம்மா அம்பத்தேழு. நல்லமுத்து அம்பத்தெட்டு. தலைவர் நல்லமுத்து!”

நல்லமுத்து கை தட்டினார். வேறு கை எதுவும் தட்டவில்லை.

“பொறுங்கோ, பொறுங்கோ” என்று சிவரூபன் எழுந்தார். “கடதாசியில என்ன ஈரம்?”

“தண்ணி தூக்குற கை சேர். ஈரம் இல்லாம இருக்குமா?”

“நல்லமுத்துவின்ர ஆக்களுக்கு ஏன் கழிக்கேல்லை?”

“அவரு ஆளுங்க வாசல்லயே புடிச்சிக்கிறாங்க. காய்ஞ்ச கை.”

“முத்தல்?”

“கெழவிங்க நெறைய பேரு போட்டிருக்காங்க சேர்.”

ஆசிரியர் உட்கார்ந்து கைபேசியை மறுபடி புரட்டினார். ரஷ்யாவில்கூட இப்படி ஒரு விளக்கம் எழுதப்படவில்லை.

வீரம்மா எழுந்தாள். சத்தம் போடவில்லை.

“சரிங்க ஐயா. கழிச்ச அஞ்சு பேரும் யாருன்னு சொல்லிடுங்க. எனக்குப் போட்டவங்க எல்லாம் எந்திரிங்க. ஐயா பாத்துப் பொறுக்கட்டும்.”

அறுபத்திரண்டு பேர் எழுந்து நின்றார்கள். கந்தப்பன் தடுமாறினார். கொழுந்துக்கு முகம் கிடையாது, கழிப்பது சுலபம். இங்கே அறுபத்திரண்டு முகங்கள் அவரையே பார்த்தன. சாதுவாக ஒன்றாவது அகப்படாதா என்று முதல் வரிசையைத் துழாவினார். அங்கே நின்றது அவருடைய மனைவி அம்மாக்கண்ணு.

“என்னையவாங்க பாக்குறீங்க? நான் ஈரமா, முத்தலா?”

“நீயுமா போட்ட?”

“நம்ம வீட்டுக்குத் தண்ணி தூக்குறது யாருங்க, நல்லமுத்து அண்ணனா?”

மடுவம் அதிரச் சிரித்தார்கள். வீட்டுக்குப் போனால் சோறு இருக்குமா என்ற கவலை கந்தப்பனுக்கு வந்துவிட்டது. பெரிய சீர்திருத்தங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

“சரி, சரி! ஓட்டு வேற, கொழுந்து வேற. கழிவு வாபஸ். வீரம்மா அறுபத்திரண்டு.”

கழிக்காத எண்ணைக் கணக்குப் புத்தகத்தில் எழுதினார். குழாய் ஏழாம் லயத்துக்கு என்பது முதல் தீர்மானமாக நிறைவேறியது. அவர் புத்தகத்தை மூடப் போனார். புதுத் தலைவி இன்னும் உட்காரவில்லை.

“ஓட்டத் திருப்பிக் குடுத்திட்டீங்க, நன்றிங்க ஐயா. இனி கொழுந்துக்கு வருவோம்.”

“என்னா கொழுந்து?”

“இருபத்தாறு வருஷமா எங்ககிட்ட கழிச்ச கொழுந்து. அது எங்க போச்சு? அதையும் ரஷ்யாக்காரன் குடிச்சிட்டானா?”

கந்தப்பன் அவசரமாக வானத்தைக் காட்டினார்.

“மழை வருது! கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது!”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பொட்டு மேகம் இல்லை. வெயிலில் கண் கூசியது.

“ஆமாங்க ஐயா” என்றாள் வீரம்மா. “இந்த மழைக்குத்தான் இத்தன வருஷமும் எங்ககிட்ட கழிச்சீங்க.”